கை தளர்ந்த பொக்லைனும் மணிக்கணக்கு வாடகையும்

பெருமுக்கல் மலையடியிலிருந்து மரக்காணம் உப்பளம் வரை ஒரே வட்டாரம் என்று சொன்னாலும் மண் ஒரே மண் அல்ல. மேற்கே கல்லும் சரளையும். நடுவே ஏரிப் பாசன நஞ்சையும், மணிலாவும் தர்பூசணியும் விளையும் புஞ்சையும். கிழக்கே போகப் போக மணல், சவுக்கு, அதற்கப்பால் கழுவெளியின் உப்புச் சேறு. இவ்வளவு நிலத்துக்கும் வரப்பு கட்டவும், வாய்க்கால் தோண்டவும், பண்ணைக்குட்டை வெட்டவும் இன்று கைகொடுப்பது சிறிய பொக்லைன்தான். ஆள் கிடைக்காத காலத்தில் அது ஒரு வரப்பிரசாதம் என்பதில் ஐயமில்லை. பெரிய இயந்திரம் நுழைய முடியாத தோப்புக்குள் மூன்று டன் எடையுள்ள சிறிய இயந்திரம் நுழைந்துவிடும். வரப்பையும் அதிகமாகச் சிதைக்காது.

பொக்லைன் என்பது உண்மையில் ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் பெயர். அதன் கூட்டுடன் லார்சன் அண்ட் டூப்ரோ நம் நாட்டில் செய்த இயந்திரங்கள் பரவியபோது, எந்தக் கம்பெனி மண்வெட்டும் இயந்திரமானாலும் பொக்லைன் என்றே சொல்லும் வழக்கம் வந்துவிட்டது. இப்போது ஹிட்டாச்சி என்ற பெயரும் அதே போல வழங்குகிறது. பெயர் எதுவானாலும் அதன் கைக்குப் பலம் தருவது என்ஜின் நேராக அல்ல. குழாய்களுக்குள் அழுத்தத்தோடு ஓடும் ஹைட்ராலிக் எண்ணெய். அந்த எண்ணெயின் வழியில் கோளாறு வந்தால் இயந்திரம் நின்றுவிடுவதில்லை. தளர்கிறது. மெதுவாக, முனகிக்கொண்டே, நாள் முழுதும் வேலை செய்கிறது. விவசாயிக்கு நஷ்டம் இதில்தான் வருகிறது. நின்றுபோன இயந்திரத்துக்கு யாரும் வாடகை கொடுப்பதில்லை. தளர்ந்த இயந்திரத்துக்கோ மணிக்கணக்கில் கொடுக்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பக்கெட் மண்ணை அள்ளி, திரும்பி, கொட்டி, மறுபடி பழைய இடத்துக்கு வர நல்ல நிலையிலுள்ள இயந்திரத்துக்கு 20 வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 180 பக்கெட். அதே வேலைக்கு 30 வினாடி எடுத்தால் மணிக்கு 120 தான். பத்து மணி நேரத்தில் முடிய வேண்டிய வேலை பதினைந்து மணி நேரம் இழுக்கும். வாடகை மணிக்கு 1000 ரூபாய் என்றால் 10,000 ரூபாய்க்கு முடிய வேண்டியது 15,000 ஆகிறது. அந்த 5,000 ரூபாயும் இயந்திரத்தின் நோய்க்கு விவசாயி கட்டும் வைத்தியச் செலவு. மணி மீட்டர் பொய் சொல்வதில்லை. ஆனால் அது நேரத்தை மட்டும்தான் சொல்லும், வேலையைச் சொல்லாது.

மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்ப்பவர்கள், சுழி பார்ப்பவர்கள், நடக்கவிட்டுப் பார்ப்பவர்கள், வாடகைக்கு வந்து நிற்கும் இயந்திரத்தை மட்டும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அது ஓட்டுநரின் விஷயம் என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். ஒதுங்க வேண்டியதில்லை. மீட்டர் ஓடத் தொடங்குமுன் பத்து பக்கெட் அள்ளச் சொல்லிக் கைக்கடிகாரத்தில் நேரம் பார்க்கலாம். காலை எட்டு மணிக்கு ஒரு முறையும், இயந்திரம் நன்றாகச் சூடேறிய பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரு முறையும் பார்த்தால் இன்னும் நல்லது. காலையில் 20 வினாடியாக இருந்தது நண்பகலில் 30 ஆகிவிட்டால் அதற்கு வெயில் காரணமல்ல.

வாடகைக்கு எடுப்பவருக்கு இவ்வளவு போதும். ஆனால் இந்த வட்டாரத்தில் கடன் வாங்கி ஒரு சிறிய இயந்திரத்தைச் சொந்தமாக வைத்திருக்கும் விவசாயக் குடும்பங்களும் உண்டு. அவர்களுக்கு ஆபத்து வேறு திசையிலிருந்து வருகிறது. இயந்திரம் தளர்ந்ததும் யாராவது ஒருவர் வந்து, “பம்ப் போய்விட்டது” என்று சொல்லிவிடுகிறார். பொக்லைன் வைத்திருப்பவர் காதில் விழக்கூடிய வார்த்தைகளில் இதைவிட விலை கூடியது கிடையாது. பம்பின் விலை லட்சக்கணக்கில் இருக்கிறது. மாற்றிய பிறகும் இயந்திரம் அதே போல முனகினால், தவணையும் போய், பருவமும் போய்விடும்.

கிணற்று மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை என்றால் எந்த விவசாயியும் உடனே புது மோட்டார் வாங்கப் போவதில்லை. புட்வால்வில் குப்பை அடைத்திருக்கிறதா, உறிஞ்சு குழாயின் இணைப்பில் காற்று வாங்குகிறதா என்றுதான் முதலில் பார்ப்பார். பொக்லைனின் ஹைட்ராலிக் பம்பும் அந்த மோட்டாருக்குத் தம்பிதான். தொட்டியிலிருந்து எண்ணெயை உறிஞ்சித் தள்ளுவது மட்டுமே அதன் வேலை. உறிஞ்சுவதற்கு எண்ணெய் இல்லாவிட்டாலும், எண்ணெயோடு காற்று கலந்தாலும், தள்ளிய எண்ணெய் வழியிலேயே கசிந்து தொட்டிக்குத் திரும்பினாலும் பலம் குறையும். இந்த மூன்றில் முதல் இரண்டுக்கும் பெரும்பாலும் காசு செலவில்லை.

எண்ணெய் அளவைச் சமதளத்தில் நிறுத்தித்தான் பார்க்க வேண்டும். கையை எப்படி மடக்கி வைத்துப் பார்ப்பது என்று தொட்டியின் அருகிலோ கைப்புத்தகத்திலோ படம் போட்டிருக்கும். அதன்படி வைக்காமல் சிலிண்டர் தண்டுகள் வெளியே நீண்டபடி பார்த்தால் சிலிண்டர்களுக்குள் எண்ணெய் போயிருப்பதால் தொட்டியில் குறைவாகத் தெரியும். அதை நம்பி ஊற்றினால் தண்டுகள் உள்ளே போகும்போது தொட்டி நிரம்பி வழியும். ஊற்றும் எண்ணெய் புத்தகத்தில் சொன்ன ரகமாகவே இருக்க வேண்டும். 46 கேட்கும் இயந்திரத்துக்கு 68, பாதித் தொட்டி ஒரு கம்பெனி, மீதி இன்னொரு கம்பெனி என்று கிடைத்ததை ஊற்றுவது சிக்கனமல்ல.

அடுத்து நிறம். அடையாளம் தெரியும்படி ஒரு வெள்ளைக் கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் எண்ணெய் எடுத்து வைத்துப் பார்க்கலாம். பால் போலக் கலங்கியிருந்த எண்ணெய் சற்று நேரத்தில் அடியிலிருந்து தெளிந்துகொண்டே வந்தால், கலந்திருந்தது காற்று. மறுநாள் வரை தெளியாமலிருந்தாலோ, அடியில் தனியாக நீர் தங்கினாலோ, தண்ணீர். சந்தேகமிருந்தால் பழைய இரும்புத் தகடு ஒன்றைத் திறந்தவெளியில் தோசைக்கல் சூட்டுக்குக் காய்ச்சி, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு ஒரே ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாம். தண்ணீர் கலந்த எண்ணெய் சடசடவென்று பொரியும். கறுத்துத் தீய்ந்த வாடை அடித்தால் எண்ணெய் பலநாள் அதிகச் சூட்டில் வெந்திருக்கிறது என்று அர்த்தம். 80 டிகிரிக்கு மேல் தொடர்ந்து சூடேறினால் எண்ணெயின் ஆயுள் வேகமாகக் குறையும். சூட்டுக்குக் காரணம் பல நேரம் எண்ணெயைக் குளிர்விக்கும் ரேடியேட்டரின் முகத்தில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். சவுக்குத் தோப்பில் ஒரு நாள் வேலை செய்த இயந்திரத்தின் ரேடியேட்டரைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

காற்று கலந்திருந்தால் பம்பிடம் ஒரு ஊளைச் சத்தம் கேட்கும். உறிஞ்சு குழாயில் உள்ள கிளிப் தளர்ந்திருப்பது சாதாரணமாகக் காணப்படும் காரணம். எண்ணெய் வெளியே சொட்டாது. உள்ளே காற்று மட்டும் போகும். அதனால் கண்ணுக்கு அகப்படாது. இணைப்பைச் சுற்றிக் கெட்டியாகக் கிரீஸ் பூசினால் சத்தம் மாறுகிறதா என்று பார்த்தால் போதும். மாறினால் திருட்டு வழி அங்கேதான்.

எல்லாம் தளர்ந்ததா, ஒன்று தளர்ந்ததா?

இதுதான் கேட்க வேண்டிய முதன்மையான கேள்வி. பழுது பார்க்க வருபவர் இந்தக் கேள்வியைக் கேட்காமல் ஸ்பானரைக் கையில் எடுத்தால் அவரைச் சற்று நிறுத்தி வைக்கலாம்.

பக்கெட் மட்டும் பலமிழந்து, மற்ற எல்லா அசைவும் சரியாக இருந்தால் கோளாறு பக்கெட்டின் வழியில்தான் இருக்கிறது: அதன் சிலிண்டர் சீல், அதன் வால்வு. பம்பின் மேல் பழி போட இடமில்லை. அதே பம்ப்தானே மற்றவற்றுக்கும் எண்ணெய் தருகிறது? ஆனால் இங்கே ஒரு நுட்பம் உண்டு. சிறிய பொக்லைன்கள் பலவற்றில் ஒரு பம்ப் அல்ல, இரண்டோ மூன்றோ பம்புகள் ஒரே தண்டில் கோர்த்திருக்கும். ஒன்று ஒரு பக்கத்துச் செயினுக்கும் பூமுக்கும், இன்னொன்று மறுபக்கத்துச் செயினுக்கும் ஆர்முக்கும், மூன்றாவது திரும்புவதற்கும் முன்பிளேடுக்கும் என்று பிரித்துக் கொடுத்திருப்பார்கள். பிரிவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆகவே எந்தெந்த அசைவுகள் சேர்ந்து தளர்ந்தன என்று ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு, கைப்புத்தகத்திலுள்ள எண்ணெய் வழிப் படத்தோடு ஒத்துப் பார்த்தால் பாதி நோய் அங்கேயே பிடிபடும். சேர்ந்து தளர்ந்தவை எல்லாம் ஒரே பம்பின் பிள்ளைகள் என்று தெரிந்தால், அந்தப் பம்பையும் அதன் அழுத்த வால்வையும் மட்டும் சோதித்தால் போதும்.

எல்லா அசைவும் ஒன்றாகத் தளர்ந்திருந்தால் என்ஜினைக் கவனிக்க வேண்டும். பக்கெட்டை முழுவதும் மடக்கி, முட்டிய பிறகும் லிவரை இரண்டு மூன்று வினாடி பிடித்தால் என்ஜின் சற்றே திணறிச் சமாளிக்க வேண்டும். சத்தமே மாறாமல் என்ஜின் சுகமாக ஓடிக்கொண்டிருந்தால் அழுத்தம் ஏறவில்லை. அடைத்துக்கொண்டு நிற்கப் பார்த்தால் எண்ணெய்ப் பக்கத்தை விட்டுவிட்டு முதலில் டீசல் பில்டரையும் காற்று பில்டரையும் பார்ப்பது நல்லது. டீசல் பில்டர் அடைத்திருந்த குற்றத்துக்கு ஹைட்ராலிக் பம்பைக் கழற்றுவது, காய்ச்சலுக்குக் காலைக் கட்டுவது போல.

என்ஜின் நன்றாக ஓடியும் எந்த அசைவுமே இல்லையென்றால் பயந்துவிடக் கூடாது. இருக்கையின் பக்கத்தில் உள்ள பாதுகாப்பு லிவரைத் தூக்கினால் எல்லா அசைவும் நின்றுவிடும்படி அமைத்திருக்கிறார்கள். அந்த லிவரின் சுவிட்ச், அதற்குப் போகும் ஒயர், பியூஸ் இவற்றில் ஒன்று போனாலும் இயந்திரம் முழுதும் செத்தது போலத் தோன்றும். உப்புக் காற்றில் செம்பு இணைப்புகளில் பச்சை பூப்பது இந்தக் கரையில் தினசரிக் காட்சி. சில ரூபாய் பியூசுக்காக இயந்திரத்தை லாரியில் ஏற்றித் திண்டிவனத்துக்கோ புதுச்சேரிக்கோ அனுப்புவதைப் போன்ற வீண் செலவு வேறில்லை.

ஒரு பக்கச் செயின் மட்டும் பின்தங்கினால் அங்கேயும் எளியதுதான் முதலில். செயின் அளவுக்கு மேல் இறுகியிருக்கலாம். பல்சக்கரத்தில் சேறு காய்ந்து கல்லாக இறுகியிருக்கலாம். அவை சரியாக இருந்த பிறகுதான் மெக்கானிக் அழுத்தத்தை இறக்கிவிட்டு, இரண்டு பக்கத்து ஓசுகளையும் மாற்றிப் பூட்டிப் பார்க்க வேண்டும். பலவீனம் மறுபக்கத்துக்குத் தாவினால் நோய் மேலே, பம்பு அல்லது வால்வில். தாவாமல் அங்கேயே இருந்தால் அந்தப் பக்கத்து மோட்டாரில்.

தூக்கி நிறுத்திய கை தானாக இறங்குவது இன்னொரு தொல்லை. என்ஜினை நிறுத்திவிட்டு, பத்து நிமிடத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று டேப் வைத்து அளக்கலாம். அளப்பவர் கைக்குக் கீழே போகக் கூடாது. இறக்கம் சிலிண்டர் சீலாலும் வரும், வால்வாலும் வரும். எது என்று பிரித்துச் சொல்லாமல் சிலிண்டரைப் பிரிப்பது குருட்டு வைத்தியம்.

உப்புக் கரையின் தனிப் பிணி

உள்நாட்டில் ஓடும் இயந்திரத்துக்கு இல்லாத ஒரு எதிரி இங்கே உண்டு. சிலிண்டரிலிருந்து வெளியே வரும் பளபளப்பான தண்டின் மேல் குரோமியப் பூச்சு இருக்கிறது. உப்பு ஈரம் பட்டு அதில் குண்டூசி முனை அளவுக்குத் துரு விழுந்தால் போதும். தண்டு உள்ளே போய் வரும் ஒவ்வொரு தடவையும் அந்தத் துரு சீலின் உதட்டை அரம் போல அராவும். முதலில் எண்ணெய் கசியும். பிறகு அதே வழியில் சேற்று நீர் உள்ளே போகும். உள்ளே போன நீரும் மண்ணும் வால்வுக்கும் பம்புக்கும் போய்ச் சேரும். கடைசியில், “பம்ப் போய்விட்டது” என்பது உண்மையாகவே ஆகிவிடும். காலை எட்டு மணிக்குக் கல் வேலைத் தூசியில் நின்று, மறுநாள் கழுவெளி ஓரத்துச் சேற்றில் இறங்கும் இயந்திரத்துக்கு இது இன்னும் சீக்கிரம் வரும்.

உப்புச் சேற்றில் வேலை முடிந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். தண்டுகள் கூடியவரை உள்ளே போயிருக்கும்படி நிறுத்தி, வெளியே தெரியும் பகுதியில் மெல்லியதாகக் கிரீஸ் தடவி வைக்க வேண்டும். வேலை தொடங்குமுன் அதைத் துடைத்துவிட வேண்டும். செலவு கால் மணி நேரமும் ஒரு கை கிரீசும். 2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது விழுப்புரம் மாவட்டம் வெள்ளத்தில் தவித்தது. அத்தகைய வேளையில் இயந்திரங்கள் தேங்கிய நீரிலேயே நின்று உடைப்பை அடைக்க நேரும். தொட்டி மூடியின் காற்றுத் துவாரம் வரை நீர் ஏறிய இயந்திரத்தை எண்ணெய் மாற்றாமல் ஓட்டுவது, வெள்ளத்துக்குத் தப்பியதை நெருப்பில் தள்ளுவது.

கசிவைத் தேடும்போது ஒரு எச்சரிக்கை. கார் டயரில் இருக்கும் காற்றழுத்தம் சுமார் 2 பார். சிறிய பொக்லைனின் குழாய்களில் 200 பாருக்கு மேலும் இருக்கும். ஊசித் துளையிலிருந்து அந்த வேகத்தில் வரும் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாமலே தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சிறு புள்ளியாகத் தெரியும். உள்ளே சதை அழுகிக் கையையே எடுக்கும் நிலை வரலாம். கசிவைக் கையால் தடவித் தேடக் கூடாது. அட்டைத் துண்டை நீட்டித்தான் பார்க்க வேண்டும். தோலில் எண்ணெய் பாய்ந்துவிட்டால் வலி இல்லையே என்று இருந்துவிடாமல் உடனே அறுவைச் சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எந்த ஓசைக் கழற்றுவதானாலும் முதலில் பக்கெட்டைத் தரையில் இறக்கி, என்ஜினை நிறுத்தி, லிவர்களை எல்லாப் பக்கமும் அசைத்து அழுத்தத்தை விடுவிக்க வேண்டும்.

கேஜ் இல்லாத வைத்தியம்

மேலே சொன்னதெல்லாம் கண்ணும் காதும் செய்யும் சோதனை. இவற்றைத் தாண்டிய பிறகு பிரஷர் கேஜ் பேச வேண்டும். பம்ப் தேய்ந்ததா என்பதைப் பம்பிலிருந்து தொட்டிக்குத் திரும்பும் கசிவு எண்ணெய் எவ்வளவு என்று அளந்தும் சொல்லலாம். கழற்றிய பில்டரை அறுத்து விரித்துப் பார்த்தால் பித்தளை நிறப் பொடி பம்பின் தேய்மானத்தையும், கறுப்பு ரப்பர்த் துணுக்கு சீலின் சாவையும் காட்டும். இந்தச் சாட்சிகள் ஒன்றுமில்லாமல் பம்பை மாற்றச் சொல்பவரை நம்ப வேண்டியதில்லை.

இன்னொரு வகை வைத்தியர் உண்டு. இயந்திரம் தளர்ந்தது என்றதும் அழுத்த வால்வின் திருகாணியை ஒரு சுற்று இறுக்கிவிட்டுப் போவார். அன்றைக்குக் கை பலமாகத் தூக்கும். அவருக்கும் நல்ல பெயர் கிடைக்கும். தேய்ந்த பம்பும் பழைய ஓசும் அளவுக்கு மீறிய அழுத்தத்தில் சில வாரத்தில் மொத்தமாகப் போகும். கேஜ் பூட்டாமல் அந்தத் திருகாணியைத் தொடுவதை வண்டி உரிமையாளர்கள் அனுமதிக்கவே கூடாது.

கேஜ் ஒன்றும் கிடைக்காத பொருளல்ல. பொருத்தும் இணைப்புகளோடு சில ஆயிரம் ரூபாயில் அடங்கும். ஆனால் ஒரு இயந்திரம் வைத்திருப்பவர் வருஷத்துக்கு ஒரு முறை உபயோகிக்க அதை வாங்கி வைப்பாரா என்பது சந்தேகமே. இங்கேதான் பொது அமைப்புகளின் கடமை வருகிறது. வேளாண்மைப் பொறியியல் துறை பொக்லைன், புல்டோசர்களைக் குறைந்த வாடகைக்கு விவசாயிகளுக்குக் கொடுத்து வருகிறது. இயந்திர வாடகை மையங்களுக்கு மானியமும் கிடைக்கிறது. இயந்திரம் வாங்க உதவி செய்யும் கை, அதைச் சோதிக்கும் கருவிக்கும் நீள வேண்டும். உபகோட்ட அலுவலகத்தில் ஒரு கேஜ் செட்டும், அதைப் பூட்டத் தெரிந்த ஒருவரும், குறிப்பிட்ட கிழமையில் சிறு கட்டணத்துக்கு இருந்தால் போதும். கிராமத்து இளைஞர்களுக்கு இயந்திரம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும்போதே எண்ணெய் பார்க்கவும், படம் படிக்கவும், கேஜ் பூட்டவும் கற்றுக்கொடுக்கலாம். ஓட்டத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். நோய் சொல்லத் தெரிந்தவர்கள்தான் பஞ்சம்.

உரிமையாளர்கள் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. மழைக்கு முன் வேலையை முடிக்கும் அவசரத்தில், இறங்கக் கூடாத சேற்றில் இறக்கச் சொல்வதும், சிக்கிய டிராக்டரை இழுக்கச் சொல்வதும் விவசாயிகள்தான். அந்தச் சேதத்துக்கு உரிமையாளர் எங்கே போவார்? ஆகவே பேச்சு இரு பக்கமும் பொருந்த வேண்டும். வாய்க்காலுக்கு இத்தனை மீட்டர், குட்டைக்கு இத்தனை கன மீட்டர் என்று வேலையளவில் கூலி பேசினால் தளர்ந்த இயந்திரத்தின் நஷ்டம் அதை வைத்திருப்பவரிடமே நிற்கும். ரிப்பேர் செய்ய அவருக்கே அக்கறை வரும். கல்லோ வேரோ குறுக்கிட்டால் அந்த நேரத்துக்கு மட்டும் மணிக்கணக்கு என்று சேர்த்துக்கொள்ளலாம். வேலையளவில் பேச ஒப்பாதவரிடம், மீட்டர் ஓடுமுன் பத்து பக்கெட்டுக்கு நேரம் பார்த்து அதைத் துண்டுச் சீட்டில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளலாம். நண்பகலில் மறுபடி பார்க்கும்போது வித்தியாசம் பெரிதாக இருந்தால் அன்றைய மீட்டரை அங்கே நிறுத்திவிட்டு எண்ணெய்த் தொட்டியின் மூடியிலிருந்து தொடங்கலாம். ஐப்பசி மழைக்கு முன் ஏரி வாய்க்கால்களைத் தூர்வார இயந்திரம் பேசுகிறவர்கள் இந்த ஏற்பாட்டை இந்தப் பருவத்திலேயே செய்து பார்க்கலாம்.